முகம் தெரியாமலும் ஆளைக் கீறலாம்: கார்ட்டூன் உருவங்கள் பழகத் தொடங்குபவர்களுக்கு

“எனக்கு ஒரு வட்டம்கூட ஒழுங்காக் கீற வராது தங்கச்சி. நான் சும்மா பாத்துக்கொண்டிருக்கிறன்.”

கிளிநொச்சியில் ஒரு வாசிகசாலையின் பின்னறையில், சனிக்கிழமைப் பின்னேரங்களில் சிறுவர்களுக்குக் கார்ட்டூன் கீறப் பழக்கிக்கொண்டிருந்த காலம் அது. மகளின் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்த அம்மா ஒருவர் கதவடியில் கதிரையைப் போட்டுக்கொண்டு இருப்பார். மூன்றாவது கிழமை ஒரு தாளையும் பென்சிலையும் அவரிடம் கொடுத்தேன். வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். வகுப்பு முடிந்து பிள்ளைகள் வெளியே ஓடிய பிறகுதான் வாய் திறந்தார்.

“என்ர மகனைக் கீறவேணும் எண்டு ஆசை. ஆனா முகம் வருகுதில்லை.”

2009 மே மாதத்துக்குப் பிறகு அவரது மகனைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. வீட்டில் மிஞ்சியிருப்பது அடையாள அட்டைக்கு எடுத்த ஒரேயொரு படம். இடப்பெயர்வில் நனைந்து பாதி முகம் வெளிறிவிட்டது. அதைப் பார்த்துக் கீறத் தொடங்கினால் அந்த வெளிறிய முகம்தான் வருகிறது, பிள்ளை வரவில்லை என்றார்.

இந்தக் கட்டுரை கார்ட்டூன் உருவங்களைக் கீறப் பழக விரும்புபவர்களுக்கான ஒரு தொடக்கக் கையேடு. பாடசாலையில் சித்திரம் படிக்காதவர்களையும், “எனக்குக் கை வராது” என்று ஒதுங்கியவர்களையும் மனதில் வைத்தே எழுதுகிறேன். நான் ஓவியர் இல்லை. ஊடகக் கற்கை படித்த காலத்தில் பக்க வடிவமைப்புக்காகக் கீறத் தொடங்கி, பிழைவிட்டுப் பழகியவள். அந்தப் பிழைகளிலிருந்து கற்றவைதான் இதில் பெரும்பகுதி.

ஏன் எளிமையான உருவம்?

ஒரு முகத்தை நிழற்படம்போலக் கீறினால் அது ஒரு குறிப்பிட்ட ஆள். இரண்டு புள்ளியும் ஒரு கோடுமாகக் குறைத்தால் அந்த முகத்துக்குள் பலரும் தங்களைப் பார்க்கிறார்கள். அமெரிக்கக் கார்ட்டூன் கலைஞர் ஸ்கொட் மக்ளவுட் 1993இல் வெளியிட்ட, சித்திரக்கதைகளைப் பற்றிய நூலில் இதை விரிவாக விளக்கியிருக்கிறார். விவரங்களைக் குறைக்கும்போது மிஞ்சும் விவரங்கள் பலமடைகின்றன என்பதே அவரது வாதத்தின் சாரம்.

பலஸ்தீனக் கலைஞர் நாஜி அல்-அலியின் ‘ஹந்தாலா’ இதற்கு நல்ல உதாரணம். 1969இல் முதலில் தோன்றிய பத்து வயதுச் சிறுவன் அவன். வெறுங்கால், ஒட்டுப்போட்ட உடுப்பு, முள்ளுமுள்ளாய் நிற்கும் சில மயிர்கள். 1973 தொடக்கம் அவன் வாசகர்களுக்கு முதுகைக் காட்டி, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கிறான். நாஜி அல்-அலி தனது ஊரைவிட்டு அகதியாக வெளியேறியபோது அவருக்கும் ஏறத்தாழ அதே வயது. 1987 யூலை 22ஆம் திகதி அவர் லண்டனில் சுடப்பட்டு, ஓகஸ்ட் 29ஆம் திகதி இறந்தார். ஹந்தாலாவை இன்றும் சுவர்களில் கீறுகிறார்கள். ஒரு சின்னப் பிள்ளைகூட அரை நிமிடத்தில் கீறக்கூடிய உருவம் என்பது அதற்கு ஒரு முக்கிய காரணம்.

போரையும் இழப்பையும் சொன்ன பல சித்திரக்கதைகள் இந்த எளிமையைத்தான் நம்பின. யூத இனப்படுகொலையிலிருந்து தப்பிய தந்தையின் கதையை ‘மவுஸ்’ என்ற பெயரில் கீறிய ஆர்ட் ஸ்பீகல்மன், யூதர்களை எலிகளாகவும் ஜேர்மனியர்களைப் பூனைகளாகவும் காட்டினார். அந்த நூலுக்கு 1992இல் புலிட்சர் சிறப்பு விருது கிடைத்தது. ஹிரோஷிமாவில் குண்டு விழுந்தபோது ஆறு வயதுப் பிள்ளையாக இருந்த கெய்ஜி நகசாவா, 1973இல் ‘வெறுங்கால் ஜென்’ தொடரைத் தொடங்கினார். ஈரானில் கழிந்த தனது சிறுபராயத்தை மர்ஜான் சத்ராபி தனிக் கறுப்பிலும் வெள்ளையிலும் ‘பெர்செபோலிஸ்’ ஆகக் கீறினார். எங்கள் போரைப் பற்றியும் பெஞ்சமின் டிக்ஸ் எழுத, லின்ட்சி பொலொக் கீறிய ‘வன்னி’ என்ற சித்திர நூல் 2019இல் வந்தது.

எங்களிடமும் ஒரு மரபு இருக்கிறது. ‘சிரித்திரன்’ சஞ்சிகையின் ஆசிரியர் சுந்தர் என்ற சிவஞானசுந்தரம் உருவாக்கிய சவாரித் தம்பரையும் மைனர் மச்சானையும் மூத்த வாசகர்கள் இன்றும் மறக்கவில்லை. வீட்டில் பழைய பிரதிகள் கிடந்தால் எடுத்துப் பாருங்கள். கோடு எவ்வளவு குறைவு, ஆள் எவ்வளவு தெளிவு என்பது விளங்கும்.

என்ன வேண்டும்?

எச்பி பென்சில் ஒன்று, அழிறப்பர், கறுப்பு ஜெல் பேனை அல்லது சாதாரண போல்பொயின்ற் பேனை, கோடு போடாத தாள். பிள்ளைகளின் பழைய கொப்பிகளில் எழுதாமல் மிஞ்சிய பக்கங்களும், ஒரு பக்கம் அச்சடித்த ஏ4 தாள்களின் மறுபக்கமும் தாராளமாகப் போதும். விலை கூடிய கொப்பியில் கீறினால் பழுதாக்கிவிடுவோமோ என்ற பயம் வரும். பயந்த கை நடுங்கிய கோடு போடும். அதனால் முதல் மூன்று மாதத்துக்கு மலிவான தாளே நல்லது.

பென்சிலை எழுதும்போது பிடிப்பதைவிடச் சற்று மேலே பிடியுங்கள். மணிக்கட்டை மட்டும் அசைத்தால் குறுகிய, பிசிறான கோடுகள் வரும். முழங்கையிலிருந்து அசைத்தால் நீண்ட கோடு ஒரே இழுப்பில் வரும். ஒவ்வொரு நாளும் கீறத் தொடங்க முன்னர் ஒரு பக்கம் நிறைய வட்டங்களும் நீள்வட்டங்களும் வளைகோடுகளும் போடுங்கள். ஐந்து நிமிடம் போதும்.

மூன்று வடிவங்கள்

கார்ட்டூன் உருவத்தின் அடித்தளம் வட்டம், சதுரம், முக்கோணம் ஆகிய மூன்றும்தான். 1928இல் திரைக்கு வந்த மிக்கி மவுஸ் பெரும்பாலும் வட்டங்களால் ஆனது. வட்டத்திலிருந்து தொடங்கும் உருவம் மென்மையாக, நெருக்கமாகத் தெரியும். சதுரத்திலிருந்து தொடங்கினால் உறுதியான ஆள், பிடிவாதமான ஆள். கூரான முக்கோணம் வேகத்தையோ ஆபத்தையோ காட்டும்.

உங்களுக்குத் தெரிந்த மூன்று பேரை நினையுங்கள். சந்தியில் கடை வைத்திருக்கும் ஐயா எந்த வடிவம்? உங்கள் அம்மம்மா? கிராம அலுவலர்? தலைக்கு ஒரு வடிவம், உடம்புக்கு ஒரு வடிவம் என்று இரண்டை மட்டும் ஒன்றன்மேல் ஒன்று வையுங்கள். கை, கால், கண் எதுவும் வேண்டாம். வடிவத்தை மட்டும் வைத்தே வீட்டிலிருப்பவர்கள் “இது அவர்தானே” என்று கண்டுபிடித்தால் பாதி வேலை முடிந்துவிட்டது.

தொடக்கத்தில் எல்லோரும் விடும் பிழை கண்ணிலிருந்து தொடங்குவது. இமை மயிர்வரை அழகாகக் கீறிவிட்டு, அந்தக் கண்ணுக்கு ஏற்ற தலை எங்கே என்று தேடுவோம். பெரிய வடிவம் முதலில், சின்ன விவரம் கடைசியில் என்ற ஒழுங்கை மாற்றாதீர்கள்.

தலைதான் அளவுகோல்

வளர்ந்த ஒருவரின் உயரம் அவரது தலையைப்போல ஏறத்தாழ ஏழு அல்லது ஏழரை மடங்கு. கார்ட்டூனில் இந்த விகிதத்தை வேண்டுமென்றே உடைக்கிறோம். இரண்டு தலை உயரத்தில் கீறினால் பொம்மைபோல, குழந்தைத்தனமாக இருக்கும். மூன்று அல்லது நான்கு தலை உயரம் தொடங்குபவர்களுக்கு வசதியானது: முகத்தில் உணர்ச்சி காட்ட இடமிருக்கும், உடம்புக்கும் அசைவு கொடுக்கலாம். ஐந்து, ஆறு தலைக்குப் போகும்போது உருவம் நிஜத்துக்கு நெருங்கும், பிழைகளும் கூடுதலாகத் தெரியும்.

தாளில் முதலில் தலை வட்டத்தைப் போடுங்கள். அதே அளவில் கீழே இரண்டு பெட்டிகளை அடிமட்டம் இல்லாமல் மெல்லிய கோட்டில் குறியுங்கள். நடுப்பெட்டி உடம்பு, கடைசிப் பெட்டி கால். இதுதான் மூன்று தலை உருவம்.

வயதைக் காட்டுவதும் விகிதம்தான். பெரியவர்களின் கண் தலையின் ஏறத்தாழ நடுவில் இருக்கும். பிள்ளைகளுக்கு நெற்றி பெரிது, கண் நடுக்கோட்டுக்குக் கீழே. ஒரே வட்டத்தில் கண்ணை மட்டும் கீழே இறக்கிப் பாருங்கள், வயது குறைந்துவிடும். முதியவர்களுக்குச் சுருக்கம் போட அவசரப்படவேண்டாம். தலையைத் தோளுக்கு முன்னால் கொஞ்சம் நகர்த்தி முதுகை வளைத்தாலே எழுபது வயது வந்துவிடும்.

அசைவுக்கோடு

பல தொடக்கப் படங்கள் சவப்பெட்டிக்குள் படுத்திருப்பதுபோல விறைப்பாக இருக்கும். கை இரண்டும் பக்கத்தில், கால் இரண்டும் நேராக, முகம் முன்னுக்கு. இதற்கு மருந்து அசைவுக்கோடு. உருவத்தைக் கீற முன்னர், தலையிலிருந்து பாதம்வரை ஓடும் ஒரே ஒரு வளைகோட்டைப் போடுங்கள். தண்ணீர்க் குடம் தூக்குபவருக்கு அது ஒரு பக்கம் சாயும். ஓடுபவருக்கு முன்னால் வில்லாக வளையும். பஸ்ஸுக்குக் காத்திருந்து களைத்தவருக்கு மேலே நேராகவும் இடுப்பில் மடிந்தும் இருக்கும். அந்தக் கோட்டின் மேல்தான் வடிவங்களை அடுக்கவேண்டும்.

இதைப் பழகச் சிறந்த இடம் பஸ் நிலையமும் ஆஸ்பத்திரி வரிசையும். முகங்களைக் கீறவேண்டாம், ஒருவருக்கு ஒரு கோடு மட்டும் போதும். பத்து நிமிடத்தில் இருபது கோடு வரும். வீட்டுக்கு வந்து அதில் மூன்றுக்குத் தலையும் உடம்பும் வையுங்கள்.

அந்த அம்மாவிடம் நான் இந்தப் பாடத்தைத்தான் எடுத்தேன். முகத்தை விடுங்கோ, மகன் எப்பிடி நிற்பார் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்தார்.

“நிண்டது எங்க பிள்ளை? எப்பவும் சைக்கிளிலதான். ஒரு கையை விட்டிட்டு, மற்றக் கையால மட்டும் பிடிச்சுக்கொண்டு ஓடுவான். விட்ட கையை இடுப்பில வச்சிருப்பான், பெரிய ஆள்மாதிரி. எத்தினை தரம் பேசியிருப்பன்.”

நிழலுருச் சோதனை

கீறி முடித்த உருவத்தை முழுக்கக் கறுப்பால் நிரப்புங்கள். இப்போதும் அது யார், என்ன செய்கிறார் என்று விளங்குகிறதா? விளங்கினால் உங்கள் உருவம் நன்றாக இருக்கிறது. விளங்காவிட்டால் பெரும்பாலும் கைகள் உடம்போடு ஒட்டியிருப்பதுதான் காரணம். கையை உடம்பிலிருந்து விலக்கி, இடையில் வெள்ளை இடம் தெரியவிடுங்கள். இடுப்பில் வைத்த கை, தலையில் சுமந்த கடகம், தோளில் தொங்கும் பை, நெஞ்சோடு அணைத்துப் பிடித்த படச்சட்டம் எல்லாமே நிழலில் தனித்துத் தெரியவேண்டும்.

2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சியில் தொடங்கிய, காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்களுடைய தொடர் போராட்டத்தை நினைத்துப் பாருங்கள். பிள்ளையின் படத்தை இரண்டு கையாலும் பிடித்தபடி நிலத்தில் இருக்கும் ஒரு தாயை முகம் இல்லாமல் நிழலாக மட்டும் கீறினாலும் எங்கள் ஊரில் யாருக்கும் விளக்கம் தேவைப்படாது.

முகம்: புருவமும் வாயும்

கார்ட்டூன் முகத்தில் உணர்ச்சியின் பெரும்பகுதியைச் சொல்வது புருவம். இரண்டு புள்ளிக் கண்ணும் சின்ன மூக்கும் போட்ட ஒரே முகத்தை ஒன்பது கட்டங்களில் கீறுங்கள். மேலிருந்து கீழாக மூன்று வகைப் புருவம்: உள்முனை கீழிறங்கியது, உள்முனை மேலெழுந்தது, முழுதும் மேலே உயர்ந்தது. இடமிருந்து வலமாக மூன்று வகை வாய்: மேல்வளைவு, நேர்கோடு, கீழ்வளைவு. ஒன்பது முகங்களும் ஒன்பது விதமாக இருப்பதைக் காண்பீர்கள்.

இந்த ஒன்பதில் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது ஒன்று: உள்முனை மேலெழுந்த துயரமான புருவமும் சிரிக்கும் வாயும். “சாப்பிட்டீங்களோ, தேத்தண்ணி போடட்டோ” என்று கேட்டுக்கொண்டு வரும் எத்தனை பேருடைய முகத்தில் இதைப் பார்த்திருப்போம்! கண்ணீர்த் துளி ஒன்றைக்கூடப் போடாமல் அந்தத் துயரத்தைக் காட்டலாம். தொடங்குபவர்கள் சோகம் என்றால் உடனே கண்ணீரை வழியவிடுவார்கள். அடுத்த கட்டத்தில் அதைவிடப் பெரிய சோகம் வந்தால் அப்போது காட்ட உங்களிடம் ஒன்றும் மிஞ்சியிருக்காது.

கைகள்

கை கீற எல்லோருக்கும் கள்ளம். பைக்குள் செருகுவோம், முதுகுக்குப் பின்னால் ஒளிப்போம். கார்ட்டூன்காரர்கள் இதற்கு எளிய வழி கண்டிருக்கிறார்கள்: பெருவிரலோடு சேர்த்து நான்கு விரல். ஒரு சின்னச் சதுரத்தை உள்ளங்கையாகப் போட்டு, ஒரு பக்கத்தில் பெருவிரலை ஒட்டி, மற்ற மூன்றையும் முதலில் ஒரே கையுறைபோலக் கீறுங்கள். கையுறை சரியாக வந்த பிறகு விரல்களைப் பிரியுங்கள். மாதிரிக்கு வேறெங்கும் போகவேண்டாம், கீறாத உங்கள் கை எப்போதும் கூடவே இருக்கிறது.

உடுப்பும் பொருட்களும்

இந்திய ஓவியர் ஆர்.கே. லக்ஷ்மன் 1951 தொடக்கம் கீறிய ‘சாதாரண மனிதன்’ பேசுவதேயில்லை. கட்டம் போட்ட கோட்டும் வேட்டியும்தான் அவன் யாரென்று சொல்லும். உங்கள் உருவத்துக்கும் அப்படி ஒன்றிரண்டு அடையாளங்கள் போதும். சண்டிக்கட்டாகக் கட்டிய சாறம், இரட்டைப் பின்னலும் ரிப்பனும், சோட்டிக்கு மேலே போட்ட துவாய், ஒரு காலில் மட்டும் இருக்கும் செருப்பு.

ஆனால் இங்கே ஒரு கவனம் தேவை. அடையாளம் எளிதில் முத்திரையாகிவிடும். முஸ்லிம் என்றால் தொப்பி, மலையக மக்கள் என்றால் கொழுந்துக் கூடை, சிங்களவர் என்றால் சீருடையும் துப்பாக்கியும் என்று கை தானாகப் போகும். எங்களைப் பற்றி மற்றவர்கள் கீறிய இத்தகைய படங்கள் எங்களுக்கு எவ்வளவு வலித்தன என்பது தெரியும். ஒரு சமூகத்தின் ஆளைக் கீறும்போது, அந்தச் சமூகத்தில் உங்களுக்குத் தெரிந்த ஒரு ஆளையாவது நினைத்துக்கொண்டு கீறுங்கள். யாரும் நினைவுக்கு வராவிட்டால் அந்தப் படத்தைக் கொஞ்சம் பிந்தி வைத்துக்கொள்ளலாம்.

ஒரே ஆளைத் திரும்பக் கீறுதல்

ஒரு படம் நன்றாக வருவது அதிர்ஷ்டமாகவும் இருக்கலாம். அதே ஆளை ஐந்தாவது கட்டத்திலும் அடையாளம் காணும்படி கீறுவதுதான் பயிற்சி. அதற்கு ஒரு மாதிரித் தாள் செய்துகொள்ளுங்கள். ஒரே தாளில் உங்கள் உருவத்தை முன்பக்கம், பக்கவாட்டு, முதுகுப்பக்கம் என்று மூன்று தரம் ஒரே உயரத்தில் கீறுங்கள். எத்தனை தலை உயரம், மயிர் எந்தப் பக்கம் வகிடு, சட்டையில் எத்தனை பொத்தான் என்பதைப் பக்கத்தில் எழுதி, கீறும் இடத்தில் சுவரில் ஒட்டிவையுங்கள்.

மற்றவர்களின் படத்தைப் பார்த்துக் கீறலாமா என்று பிள்ளைகள் கேட்பார்கள். பழகுவதற்குத் தாராளமாகக் கீறலாம், அப்படித்தான் எல்லோரும் பழகினார்கள். ஒரே ஆளிடமிருந்து மட்டும் படிக்காமல் மூன்று நான்கு பேரைப் பாருங்கள். பார்த்துக் கீறியதை உங்களுடையது என்று வெளியிடாதீர்கள். ஒரு படத்தைப் பார்த்து ஒரு தரம் கீறினால், மூடிவைத்துவிட்டு நினைவிலிருந்து இன்னொரு தரம் கீறுங்கள். இரண்டாவதில் வரும் வித்தியாசங்களில்தான் உங்கள் கை தெரியத் தொடங்கும்.

காயப்பட்ட உடம்போடு கீறுபவர்களுக்கு

வலது கையை இழந்து இடது கையால் எழுதப் பழகியவர்கள் எங்களில் பலர் இருக்கிறார்கள். அவர்களுக்கு நான் சொல்வது பெரிதாகக் கீறுங்கள் என்பதே. சின்னக் கோட்டுக்கு விரல்களின் நுட்பமான கட்டுப்பாடு வேண்டும், அது பழக நாள் எடுக்கும். தோளிலிருந்து இழுக்கும் பெரிய கோடு அதைவிட விரைவாக வசப்படும். பிறிஸ்டல் போட் அல்லது பழைய நாட்காட்டியின் பின்பக்கத்தில் தடித்த பேனையால் கீறுங்கள். தாள் நகராமலிருக்க நான்கு மூலையிலும் ஒட்டுநாடா ஒட்டலாம். பென்சில் பிடி வழுக்கினால் துணியைச் சுற்றித் தடிப்பாக்குங்கள். கோடு நடுங்கினால் அந்த நடுக்கத்தோடேயே கீறுங்கள். கார்ட்டூனில் நடுங்கிய கோட்டுக்கும் ஒரு குணம் உண்டு, அதையே தங்கள் பாணியாக வைத்திருக்கும் ஓவியர்கள் இருக்கிறார்கள்.

அங்கவீனமுற்ற ஒருவரைக் கீறும்போது ஊன்றுகோலைக் கடைசியில் ஒட்டவேண்டாம். ஊன்றுகோல் பிடிப்பவரின் எடை எந்தப் பக்கம் சாய்கிறது என்பதை அசைவுக்கோட்டிலேயே காட்டுங்கள். அவர் கட்டத்தில் என்ன செய்கிறார் என்பதும் முக்கியம். மீன் வாங்குகிறாரா, பிள்ளையை ஏசுகிறாரா, பகிடி விடுகிறாரா? பார்ப்பவர்கள் பரிதாபப்படுவதற்காக மட்டும் அவர் அங்கே நிற்கக்கூடாது.

மற்றவரின் படத்துக்குக் கருத்துச் சொல்லும்போது

“வடிவா இருக்கு” என்பதும் “சரியில்லை” என்பதும் கீறுபவருக்கு ஒரு உதவியும் செய்யாது. எங்கள் வகுப்பில் ஒரு ஒழுங்கு வைத்திருந்தோம். முதலில் படத்தில் என்ன நடக்கிறதென்று பார்ப்பவர் சொல்லவேண்டும். கீறியவர் நினைத்ததும் அதுவும் ஒன்றா என்று ஒப்பிடுவோம். இரண்டாவதாக, நன்றாக வேலை செய்யும் ஒரு கோட்டைக் கைகாட்டவேண்டும். மூன்றாவதாக, மாற்றவேண்டிய ஒரேயொரு விடயம். ஒரு தடவையில் ஏழு பிழை சொன்னால் எட்டாவதாகக் கேட்பவர் பென்சிலை வைத்துவிடுவார். மற்றவரின் தாளில் நீங்கள் திருத்திக் கீறவும் கூடாது. வேறு தாளில் கீறிக் காட்டலாம்.

கருத்துக் கேட்பவர்களும் குறிப்பாகக் கேளுங்கள். “எப்பிடி இருக்கு?” என்பதைவிட “இவர் கோபமா நிக்கிறார் எண்டு தெரியுதோ?” என்று கேட்டால் பயனுள்ள பதில் வரும்.

எதைக் கீறுவது, எதை வெளியிடுவது

போரில் கண்டதைக் கீறும்படி யாரையும், முக்கியமாகப் பிள்ளைகளை, வற்புறுத்தாதீர்கள். ஒரு பிள்ளை திரும்பத் திரும்ப விமானத்தைக் கீறினால் அதற்கு நீங்களாக விளக்கம் சொல்லவும் வேண்டாம். சொல்ல விரும்பினால் கேளுங்கள், அவ்வளவுதான். கார்ட்டூன் வகுப்பு மனதைக் கொஞ்சம் இலேசாக்கலாம், சிகிச்சைக்கு அது ஈடாகாது. நித்திரை இல்லாமல், பழைய காட்சிகள் விடாமல் வந்துகொண்டிருந்தால் அருகிலுள்ள வைத்தியசாலையின் மனநலப் பிரிவை நாடுங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கும் அழைக்கலாம்.

மற்றவர்களின் கதையைக் கீறும்போது அவர்களிடம் கேட்டுக்கொண்டு கீறுங்கள். கார்ட்டூன் உருவத்தின் பெரிய வசதி இதுதான்: முகத்தையும் ஊரையும் மாற்றி, நடந்ததை மாற்றாமல் சொல்லலாம். தழும்பு, வீட்டு வாசல், கடைப் பெயர்ப்பலகை போன்ற சின்ன விவரங்கள்கூட ஆளைக் காட்டிக் கொடுத்துவிடும். வெளியிட முன்னர் ஒரு தரம் அந்தக் கண்ணோடு பாருங்கள். பத்திரிகையாளரும் கேலிச்சித்திரக் கலைஞருமான பிரகீத் எக்னெலிகொட 2010 ஜனவரி 24ஆம் திகதி, ஜனாதிபதித் தேர்தலுக்கு இரண்டு நாட்கள் முன்னர், காணாமல் ஆக்கப்பட்டார். இந்த நாட்டில் ஒரு கோடு யாருக்காவது கோபமூட்டலாம் என்பதைத் தெரிந்துகொண்டே கீறவேண்டியிருக்கிறது.

தாளிலிருந்து போனுக்கு

பென்சில் கோட்டுக்கு மேல் பேனையால் கீறி, மை காய்ந்த பிறகு பென்சிலை அழியுங்கள். அவசரப்பட்டால் மை இழுபடும். வெளிக்கோட்டைத் தடிப்பாகவும் உள்ளே உள்ள மடிப்புகளை மெல்லியதாகவும் வைத்தால் உருவம் பின்னணியிலிருந்து பிரிந்து தெரியும். காலை வெளிச்சத்தில், தாளுக்கு நேர் மேலே போனைப் பிடித்து, உங்கள் நிழல் விழாமல் படமெடுங்கள். போனிலேயே கீற விரும்பினால் ஐபிஸ் பெயின்ற் செயலியை இலவசமாகப் பாவிக்கலாம், கணினிக்கு கிறிட்டா என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. தாளில் வராத கோடு திரையிலும் வராது என்பதால் முதலில் தாளில் பழகுங்கள்.

ஒரு நாளைக்கு இருபது நிமிடம், ஒரு கிழமையில் ஐந்து நாள் என்று வைத்துக்கொண்டால் போதும். ஒவ்வொரு தாளிலும் திகதி போடுங்கள். எதையும் கிழித்தெறியாதீர்கள். மூன்று மாதம் கழித்து முதல் தாளை எடுத்துப் பக்கத்தில் வையுங்கள்.

அந்த அம்மா நான்கு சனிக்கிழமைகள் கீறினார். முதலாவது சைக்கிள் முட்டை வடிவச் சில்லுகளோடு வந்தது. இரண்டாவதில் ஆள் சைக்கிளைவிடப் பெரிது. மூன்றாவதை அவரே அழித்தார். நான்காவதில் ஒரு பெடியன் முதுகைக் காட்டிக்கொண்டு போகிறான். தலை ஒரு வட்டம், சட்டை ஒரு சதுரம். இடது கை இடுப்பில், முழங்கை வெளியே நீட்டிக்கொண்டு நிற்கிறது. கையும் உடம்பும் சேரும் இடத்தில் சின்ன முக்கோணமாய் வெள்ளை.

பேரன் எட்டிப் பார்த்தான். அவன் மாமாவைக் கண்டதில்லை.

“மாமாவோ அம்மம்மா? விழப்போறார். ரெண்டு கையாலயும் பிடிக்கச் சொல்லுங்கோ.”

“சொன்னாக் கேக்கமாட்டான்” என்றார் அம்மா. தாளின் மூலையில் திகதியைப் போட்டுவிட்டு, பென்சிலை என்னிடம் தராமல் தன் பைக்குள் வைத்துக்கொண்டார்.